திரையெழுத்தும் நிறமும்

அச்சுக்கூடத்தில் ஒரு சொல்லைச் சிவப்பாக அச்சிட வேண்டுமாயின் அதே தாளை இருமுறை பொறியில் ஏற்ற வேண்டும். முதல் முறை கறுப்பு மை. பின்னர் உருளையைத் துடைத்து, எழுத்துக்களை மாற்றிக் கோத்து, இரண்டாம் முறை சிவப்பு மை. கணிப்பொறியின் திரையில் இத்தகைய தொல்லை இல்லை. வெள்ளையெழுத்தும் சிவப்பெழுத்தும் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஆயினும், அச்சுக்கூடத்தில் நிகழவே முடியாத ஒரு தவறு இங்கே நிகழக்கூடும். நிறத்தைக் குறிக்கும் கட்டளை எழுத்தோடு கலந்து, எழுத்தென்றே கொள்ளப்பட்டுவிடும். மழையளவு, விளைச்சல், மாணவர் மதிப்பெண் முதலியவற்றைச் சிறு நிரல்கள் எழுதிக் கணக்கிடுவோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். இத்தவற்றினால் கெடுவன பெரும்பாலும் மிக முக்கியமான எண்களே.

முனையம்

படங்களின்றி, எழுத்துக்களை மட்டும் பெற்று எழுத்துக்களை மட்டும் காட்டும் கருவி முனையம் எனப்படும். 1970-களில் அது திரையும் விசைப்பலகையும் கொண்ட ஒரு தனிப் பெட்டியாக இருந்தது. கணிப்பொறி வேறோர் அறையில் இருக்கும். இன்று அப்பெட்டி ஒழிந்து, கணிப்பொறித் திரைமீது தோன்றும் ஒரு கறுப்புச் சாளரமாக மாறிவிட்டது. பெட்டி போய்விட்ட போதிலும் அதன் பழக்கங்கள் அப்படியே நிலைத்துள்ளன.

இது பழங்காலத்து எச்சம் என்று எண்ணிவிடலாகாது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் 2018-ம் ஆண்டில் 'பிரத்யூஷ்' என்னும் பெருங்கணிப்பொறியும், 2024-ம் ஆண்டில் 'அர்க்கா' என்னும் மற்றொன்றும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. இவை போன்ற பெருங்கணிப்பொறிகளுக்கு ஆராய்ச்சியாளர்கள் வேலையிடுவதும், அவை அனுப்பும் செய்திகளைப் படிப்பதும் பெரும்பாலும் முனையச் சாளரத்தின் வாயிலாகவே. பள்ளியில் பைத்தான் மொழியைக் கற்கத் தொடங்கும் மாணவனும் தன் முதல் நிரலின் விடையை இத்தகைய சாளரத்திலேயே காண்கின்றான்.

எண் 27

கணிப்பொறிக்கு எழுத்து என்பது ஓர் எண்ணே. ஆங்கிலப் பெரிய எழுத்தாகிய 'ஏ' 65, 'பி' 66. ஆனால் இவ்வரிசையின் தொடக்கத்திலுள்ள 0 முதல் 31 வரையிலான எண்கள் எந்த எழுத்துக்கும் உரியவையல்ல. அவை தட்டச்சுத் தந்திக் கருவிகளின் காலத்திலிருந்து வந்த கட்டளைகள். 7 என்றால் மணி அடிக்க வேண்டும். 10 என்றால் அடுத்த வரிக்கு இறங்க வேண்டும். இவற்றுள் 27 தனித்தன்மை வாய்ந்தது. 'எஸ்கேப்' எனப்படும் இதன் பொருள், 'அடுத்து வருவது எழுத்தன்று, கட்டளை' என்பதாகும்.

சிவப்பு நிறம் வேண்டுமாயின் முதலில் 27 என்னும் எண் செல்லும். அதன்பின் இடப்புறச் சதுர அடைப்புக்குறி, அடுத்து 3, 1 என்னும் இரு இலக்கங்கள், இறுதியில் 'எம்' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்து. ஆக ஐந்து குறிகள். முனையம் இவற்றை விழுங்கிவிட்டு, அதன்பின் வரும் எழுத்துக்கள் அனைத்தையும் சிவப்பாகக் காட்டும். பழைய நிறத்துக்குத் திரும்ப, 31 இருந்த இடத்தில் 0 இட்டு மீண்டும் அதே தொடரை அனுப்ப வேண்டும். அதற்கு நான்கு குறிகள். இரண்டாம் தொடரை அனுப்ப மறந்தால் எஞ்சிய திரை முழுவதும் சிவப்பாகவே தொடரும்.

நிறங்களுக்குரிய எண்கள் 30 முதல் 37 வரை. இவ்வெண்களின் அமைப்பு பௌதிக ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படும். முதல் இலக்கமாகிய 3-ஐ ஒதுக்கிவிட்டால் சிவப்பு 1, பச்சை 2, நீலம் 4. சிவப்பொளியும் பச்சையொளியும் கலந்தால் மஞ்சள். 1, 2 இரண்டையும் கூட்டினால் 3. மஞ்சளின் எண் 33. சிவப்பும் நீலமும் சேர்ந்த கத்தரி நிறத்துக்கு 35. பச்சையும் நீலமும் சேர்ந்த நிறத்துக்கு 36. மூன்றும் சேர்ந்தால் 7. அதாவது வெள்ளை, 37. ஒன்றும் இல்லையெனில் கறுப்பு, 30. வண்ணச் சாயங்களைக் குழைப்பதற்கும் ஒளிகளைக் கலப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதனினும் எளிய கருவி கிடைப்பது அரிது.

இக்கட்டளைகளுக்கான பொதுத்தரத்தை ஐரோப்பியக் கணிப்பொறி உற்பத்தியாளர் சங்கம் 1976-ம் ஆண்டில் வெளியிட்டது. 1978-ம் ஆண்டில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மெண்ட் கம்பெனி விற்பனைக்குக் கொணர்ந்த விடி-100 என்னும் முனையம் இம்முறையை எங்கும் பரப்பியது. வேடிக்கை என்னவெனில், விடி-100 ஒருநிறத் திரை. அழுத்தம், அடிக்கோடு, மின்னல், நிறமாற்றிக் காட்டல் ஆகியவற்றை மட்டுமே அது அறியும். நிறங்கள் பின்னர் வந்த திரைகளில் பயன்பட்டன.

நிரல் நூலகத்தின் வேலை

பலரும் அடிக்கடி செய்யும் ஒரு வேலைக்குரிய கட்டளைகளை ஒருவர் எழுதித் தொகுத்து வைக்க, ஏனையோர் அதனைப் பெயர் சொல்லி அழைத்துப் பயன்படுத்துவதே நிரல் நூலகம் ஆகும். நிறத்துக்கெனவும் அத்தகைய நூலகங்கள் பல உள்ளன. பைத்தான் மொழியில் 'கலரமா' என்பது பெயர் பெற்றது. அதனை உபயோகிப்பவர் 27-ஐயும் அடைப்புக்குறியையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. 'சிவப்பு' என்று ஆங்கிலத்தில் பெயரிட்டால் போதும்.

எண்களுக்குப் பெயர் சூட்டுவது மட்டுமே அதன் வேலையாயின் நூலகம் என்ற ஒன்று தேவையேயில்லை. அரைப் பக்கத்தில் ஒரு பட்டியல் போதும். உண்மையான வேலை வேறு. எல்லா முனையங்களும் ஒரே மொழியைப் பேசுவதில்லை. 1978-ம் ஆண்டையொட்டிப் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்பவர், ஒவ்வொரு வகை முனையத்துக்கும் எக்கட்டளை புரியும் என்று பதிந்து வைத்த 'டெர்ம்கேப்' என்னும் அட்டவணையை உருவாக்கினார். அதனைத் துணையாகக் கொண்டு 'கர்ஸஸ்' என்னும் நூலகம் எழுந்தது. விண்டோஸ் கணிப்பொறிகளின் கட்டளைச் சாளரமோ, விண்டோஸ் 10 வரும் வரையில் 27-இல் தொடங்கும் தொடர்களைப் புரிந்துகொள்ளாமல் குப்பையெழுத்துக்களாகவே காட்டி வந்தது. கலரமா அங்கே இடைநின்று, அத்தொடர்களை அகற்றி, விண்டோஸ் அறிந்த வேறு கட்டளைகளாக மாற்றித் தந்தது. அந்நூலகம் பரவியதற்கு இதுவே முதற் காரணம்.

ஆரஞ்சு நிறம் ஒரு நல்ல உதாரணம். இந்திய வானிலைத் துறை தன் எச்சரிக்கைகளை நான்கு நிறங்களில் வெளியிடுகின்றது. பச்சையெனில் எச்சரிக்கை இல்லை. மஞ்சளெனில் நிலைமையைக் கவனித்து வர வேண்டும். ஆரஞ்செனில் ஆயத்தமாக இருக்க வேண்டும். சிவப்பெனில் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். முனையத்தின் எட்டு நிறங்களில் ஆரஞ்சு இல்லை! அதனைப் பெற 256 நிறங்கள் கொண்ட விரிந்த பட்டியலுக்குச் செல்ல வேண்டும். அங்கு 16-இலிருந்து தொடங்கி, சிவப்பின் படியை 36-ஆலும் பச்சையின் படியை 6-ஆலும் பெருக்கி, நீலத்தின் படியோடு கூட்டினால் நிறத்தின் எண் கிடைக்கும். படிகள் 0 முதல் 5 வரை. சிவப்பு 5, பச்சை 2, நீலம் 0 என்றால் 16, 180, 12 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 208. அதுவே ஆரஞ்சு. இதனை அனுப்பும் தொடரில் 38, 5, 208 என மூன்று எண்கள் இருக்கும். விரிந்த பட்டியலை அறியாத சில பழைய முனையங்கள் 38-ஐயும் 208-ஐயும் தள்ளிவிட்டு, நடுவிலுள்ள 5-ஐ மட்டும் தாம் அறிந்த வேறொரு கட்டளையாகக் கொள்ளும். 5 என்பது மின்னச் செய்யும் கட்டளை. ஆகவே 'ஆயத்தமாயிருங்கள்' என்னும் சொல் ஆரஞ்சு நிறம் பெறாமல் விட்டுவிட்டு மின்னத் தொடங்கும்.

தொலைந்த மழை

வானிலைத் துறையின் தலைமை அலுவலகம் 1928-ம் ஆண்டில் சிம்லாவிலிருந்து புனேக்கு மாற்றப்பட்டது. தலைமையிடம் பின்னர் டெல்லிக்குச் சென்றுவிட்ட போதிலும், சிவாஜி நகரிலுள்ள அக்கட்டடத்தைப் புனே மக்கள் இன்றும் 'சிம்லா ஆபீஸ்' என்றே அழைக்கின்றனர். நாடெங்கும் பதிவாகும் வானிலை அளவுகளைத் தொகுத்துக் காக்கும் தேசியத் தரவு மையமும் புனேயிலேயே உள்ளது. ஒரு சிற்றூரின் மழைமானியில் காணப்படும் அளவு பல கைகள் மாறியே இத்தகைய தொகுப்பை அடைகின்றது. வழியில் எங்கு எண் பிறழ்ந்தாலும் அப்பிழை நிலைத்துவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். ஓர் ஊரில் ஐந்து நாட்கள் பெய்த மழை முறையே 4, 0, 12, 118, 6 மில்லிமீட்டர் என்க. ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால் அது கனமழை. 115.6 மில்லிமீட்டரை எட்டினால் மிகக் கனமழை. இவ்வளவுகளைப் பட்டியலிடும் ஒரு சிறு நிரல், கனமழை நாட்களைச் சிவப்பில் காட்டுமாறு எழுதப்பட்டுள்ளது. திரையில் 118 மட்டும் சிவப்பாகத் தெரிகின்றது. பார்க்க அழகாகவும் பயனுள்ளதாகவும் இருக்கின்றது.

ஊழியர் இப்பட்டியலைத் திரையில் காட்டாமல் ஒரு கோப்பில் சேமிக்குமாறு கட்டளையிடுகின்றார். நிரல் முன்போலவே எல்லாவற்றையும் அனுப்புகின்றது. கோப்பு என்பது முனையமன்று; அது எதையும் விழுங்குவதில்லை, வந்ததனைத்தையும் எழுதி வைக்கும். ஆகவே நான்காம் நாளின் இடத்தில் 118 மட்டும் இல்லை. அதற்கு முன்னால் ஐந்து குறிகளும் பின்னால் நான்கு குறிகளும் ஒட்டிக்கொண்டுள்ளன. மாதச் சராசரியைக் கணக்கிடும் அடுத்த நிரல் இக்கோப்பைப் படிக்கும்போது, அந்த இடத்தில் எண்ணைக் காணாமல் விசித்திரமான ஒரு சொல்லைக் காண்கின்றது. நிரல் பிழை கூறி நின்றுவிட்டால் அது நல்வாய்ப்பு. அளவு எடுக்கப்படாத நாட்களைத் தாண்டிச் செல்லுமாறு எழுதப்பட்ட நிரல்களோ, எண்ணல்லாத எதனையும் விடுபட்ட நாளாகக் கருதி ஓசையின்றிக் கடந்துவிடும். ஐந்து நாட்களின் உண்மையான சராசரி 28 மில்லிமீட்டர். 118 நீங்கிய நான்கு நாட்களின் சராசரி 5.5 மில்லிமீட்டர்.

இதில் தற்செயல் ஏதும் இல்லை. நிறம் பூசப்படுவது வழக்கத்துக்கு மாறான அளவுக்கே. ஆகவே தொலைவதும் அதுவே. சாதாரண மழை பத்திரமாகப் போய்ச் சேரும். வெள்ளம் வந்த நாள் மறையும். தேர்வில் தவறியவர்களைச் சிவப்பில் காட்டும் மதிப்பெண் பட்டியலிலும் இதுவே நிகழும்: வகுப்பின் சராசரி உயர்ந்து தோன்றும்.

ஐயமுற்ற ஊழியர் கோப்பைச் சரிபார்க்க முற்படுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அதனை முனையத்தில் காட்டுமாறு பணித்தால், முனையம் அந்தத் தொடர்களை வழக்கம்போல் விழுங்கி 118-ஐச் சிவப்பில் பளிச்சென்று காட்டும். கோப்பு சரியாக இருக்கின்றது என்றே அவர் முடிவு செய்வார். கண்ணால் கண்டதும் இங்கே பொய்யாகின்றது.

நல்ல நூலகம் இவ்விடத்தில்தான் தன் தகுதியைக் காட்டுகின்றது. நிறக் கட்டளையை அனுப்புமுன், தான் எழுதுவது முனையத்துக்கா கோப்புக்கா என்று அது இயக்க அமைப்பை வினவும். யூனிக்ஸ் மரபில் வந்த அமைப்புக்கள் அனைத்திலும் இவ்வினாவுக்கு ஆம், இல்லை என்று விடை கிடைக்கும். கோப்பு எனில் நூலகம் நிறத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் அனுப்பும். 2017-ம் ஆண்டில் தோன்றிய மற்றொரு வழக்கமும் உண்டு. கணிப்பொறியின் சூழல் அமைப்பில் 'நோ கலர்' என்னும் பெயர் ஒன்றை இட்டு வைத்தால், அதனை மதிக்கும் நிரல்கள் அனைத்தும் நிறமின்றியே எழுதும். எனினும் எல்லா நூலகங்களும் இவ்வளவு கவனமுள்ளவை அல்ல. கேட்டபோதெல்லாம் நிறத்தைக் கொட்டுவன பல. நூலகத்தைத் தேர்ந்தெடுப்போர் அதில் எத்தனை நிறங்கள் உள்ளன என்று பார்ப்பதைவிட, எப்போது அது நிறம் தர மறுக்கின்றது என்று பார்ப்பது மேல்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பார்வையுடையோர் ஒவ்வொரு ஊரிலும் உள்ளனர். பரம்பரையாக வரும் இக்குறை ஆண்களிடையே அதிகம். ஆகவே 118-க்கு அருகில் 'மிகக் கனமழை' என்று எழுத்திலும் குறிப்பதே முறை.

புனேயில் எழுந்த மற்றொரு விடை

எழுத்தோடு கட்டளையையும் ஒரே வரிசையில் அனுப்பும் இம்முறையை இந்திய மொழிகளுக்கென வேறு வகையில் வகுத்தவர்களும் உண்டு. கான்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய இந்திய எழுத்து முனைய ஆராய்ச்சி 'ஜிஸ்ட்' எனப் பெயர் பெற்றது. 1988-ம் ஆண்டில் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையத்தைப் புனேயில் நிறுவியது. சுருக்கமாக இதனைச் சி-டாக் என்பர். இந்தியாவின் முதற் பெருங்கணிப்பொறியான பரம் 8000-ஐ 1991-ம் ஆண்டில் உருவாக்கிய நிறுவனம் இதுவே. மோகன் தாம்பேயின் தலைமையில் ஜிஸ்ட் குழுவும் இங்கு வந்து சேர்ந்தது. பெருங்கணிப்பொறிக்குக் கிடைத்த புகழ் ஜிஸ்ட்டுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் சாதாரண அலுவலகத்தின் மேசையை எட்டியது இதுவே எனலாம். ஜிஸ்ட் அட்டையைக் கணிப்பொறியினுள் பொருத்தினால், ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட நிரல்களிலும் தமிழும் மராத்தியும் தோன்றின.

இதற்கு அடிப்படையான எழுத்து எண் முறை 'இஸ்கி' எனப்படும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991-ம் ஆண்டில் 13194 என்னும் எண்ணுள்ள தரமாக இதனை வெளியிட்டது. இதன்படி ககரத்துக்கு எண் 179. தமிழ்க் ககரத்துக்கு மட்டுமன்று. தேவநாகரி, தெலுங்கு, வங்காளம் ஆகிய அனைத்திலும் ககரம் 179 தான். எந்த மொழியின் வடிவில் காட்டுவது என்பதை முடிவு செய்ய 239 என்னும் எண் ஒதுக்கப்பட்டது. அதன்பின் 66 வந்தால் தேவநாகரி. 68 வந்தால் தமிழ். அதே 239-ஐத் தொடர்ந்து 48 வந்தால் எழுத்து தடிக்கும். 50 வந்தால் அடிக்கோடு பெறும். நிறங்கள் அப்பட்டியலில் இல்லை. எழுத்தின் வடிவத்தையே தரம் கருத்திற் கொண்டது.

இதிலுள்ள ஒரு விதி கவனிக்கத்தக்கது. 239 இட்ட கட்டளை, அடுத்த கட்டளை வரும் வரையில் அல்லது அவ்வரி முடியும் வரையில் மட்டுமே செல்லுபடியாகும். வரி முடிந்ததும் தானே நீங்கிவிடும். விடி-100 மரபில் நிறுத்த மறந்த கட்டளை திரை முழுவதும் பரவுகின்றது. இஸ்கி முறையில் மறதி ஒரு வரியைத் தாண்டுவதில்லை. மறப்பது மனித இயல்பு என்பதை உணர்ந்தோர் வகுத்த விதி இது. ஆயினும் கோப்பில் கலந்துவிடும் தொல்லைக்கு இம்முறையிலும் விலக்கு இல்லை.

இன்று இஸ்கியின் இடத்தை யூனிகோடு பெற்றுள்ளது. யூனிகோடின் இந்திய எழுத்துப் பகுதிகள் 1988-ம் ஆண்டின் இஸ்கி வரிசையைப் பின்பற்றி அமைந்தவை. ஒவ்வொரு மொழிக்கும் தனி எண்கள் தரப்பட்டமையால் மொழி மாற்றும் கட்டளை தேவையற்றுப் போயிற்று. தடித்த எழுத்து, நிறம் முதலியன எழுத்தைச் சேர்ந்தவையல்ல என்று யூனிகோடு அவற்றை முற்றிலும் விலக்கிவிட்டது. எனவே முனையத்தில் நிறம் வேண்டுவோர் மீண்டும் 27-ஐயே நாட வேண்டியுள்ளது.

தமிழாசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை

உயிர்மெய் எழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், 'கொ' என்பதில் ககரத்தை வெள்ளையாகவும் ஒகரக் குறியைச் சிவப்பாகவும் காட்ட விரும்பக்கூடும். முனையத்தில் இது நிறைவேறுவது கடினம். 'கொ' என்பதன் ஒகரக் குறி ககரத்தின் இருபுறமும் நிற்பது. ஆனால் கோப்பில் ககரம் முதலிலும் குறி அதன் பின்னுமாக உள்ளன. இடையில் நிறக் கட்டளையைச் செருகினால் சில முனையங்கள் அக்கட்டளையைப் பொருட்படுத்தாமல் இரண்டையும் சேர்த்தே வரையும். சில, குறியைத் தனியே பிரித்து ஒரு புள்ளி வட்டத்தின் அருகில் நிறுத்திவிடும். நிறக் கட்டளையை முழு எழுத்தின் முன்னும் பின்னும் மட்டுமே இடுதல் வேண்டும்.

பத்திகளை நேராக அடுக்குவதிலும் இடர் உண்டு. இதனை வகுப்பில் எளிதாகச் சோதிக்கலாம். 'நில்' என்னும் சொல்லின் நீளம் யாது என்று பைத்தானை வினவினால் 4 என்று விடை வரும். கண்ணுக்குத் தெரியும் எழுத்து இரண்டே. நகரம், இகரக் குறி, லகரம், புள்ளி ஆகியவை தனித்தனியே எண்ணப்படுகின்றன. அச்சொல்லைச் சிவப்பாக்கும் தொடர்களோடு சேர்த்து வினவினால் 13 என்று வரும். பத்து இடங்கள் கொண்ட பத்தியில் முதலாவதை அமைத்தால் ஆறு வெற்றிடங்கள் சேர்க்கப்படும். இரண்டாவதற்கு ஒன்றும் சேர்க்கப்படாது. திரையில் சொல்லின் அகலம் மாறாமலிருக்க, அடுத்த பத்தி இடப்புறம் நகர்ந்துவிடும். இரண்டையும் வரிமுடிவுக் குறியின்றித் தனித்தனிக் கோப்புக்களில் சேமித்து மாணவரைக் கொண்டு அளவிடச் செய்தால், முதற் கோப்பில் 12 பைட்டுகளும் இரண்டாவதில் 21 பைட்டுகளும் இருக்கும். இரண்டு கோப்புக்களையும் முனையத்தில் திறந்து காட்டி, எஞ்சிய 9 பைட்டுகள் எங்கே என்று கேட்கலாம்.